தம்பி, முதலில் பெட்டியை அளந்து பாருங்கள்

நீங்கள் கேட்டது இதுதான். மனைவியின் விசாவில் லண்டனுக்கு வந்து ஏழு மாதம். ஈஸ்ட்ஹாமில் மச்சானுடைய மரக்கறிக் கடையில் நிற்கிறீர்கள். சொந்தமாக ஒரு சின்ன வான் எடுத்து, விடியப்புறம் சந்தையில் சாமான் ஏற்றி, மற்றக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுக்க யோசிக்கிறீர்கள். கையில் ஏழாயிரம் பவுண் இருக்கிறது. எந்த வான் எடுப்பது, உள்ளே என்ன வேலை செய்விப்பது?

நான் இந்த வேலையில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். இப்போது ஓடுவது மூன்றாவது வான். எந்த வான் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதற்குள் என்ன வைக்கப் போகிறீர்கள்? அதற்குச் சரியான பதில் கிடைத்தால் வான் தானாகவே தெரிவாகிவிடும்.

லேட்டனில் இருக்கும் நியூ ஸ்பிற்றல்ஃபீல்ட்ஸ் சந்தைக்கு நள்ளிரவில் மச்சானோடு போயிருப்பீர்கள். அங்கே மரக்கறி வரும் பிளாஸ்டிக் பெட்டிகளைக் கவனியுங்கள். பெரும்பாலும் 60 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம். சின்ன வான்களின் பின்பக்கத் தரையில் இரண்டு பக்கமும் சில்லுக்காகப் புடைத்துக்கொண்டு நிற்கும் இடம் இருக்கிறதே, அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட அகலம்தான் உங்களுக்கு முக்கியம். சிட்ரோன் பெர்லிங்கோவிலும் அதன் உடன்பிறப்பான பேஜோ பார்ட்னரிலும் அது கிட்டத்தட்ட 123 சென்ரிமீற்றர். அதாவது இரண்டு பெட்டி பக்கம் பக்கமாக இருக்கும். மிச்சம் மூன்று சென்ரிமீற்றர். குட்டை வகையில் தரை நீளம் சுமார் 1 மீற்றர் 80, நான்கு வரிசை போகும். நீள வகையில் 2 மீற்றருக்கு மேல், ஐந்து வரிசை. ஒரு அடுக்குக்கு எட்டுப் பெட்டியா பத்துப் பெட்டியா என்பதுதான் குட்டைக்கும் நீளத்துக்கும் உள்ள வித்தியாசம். ஐந்து அடுக்கு ஏற்றினால் பத்துப் பெட்டி கூடுதல். உங்கள் வேலைக்கு நீளமானதையே எடுங்கள்.

அந்த மூன்று சென்ரிமீற்றரைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். என்னுடைய இரண்டாவது வானுக்கு உள்ளே பலகை அடிப்பித்தேன். நல்ல தடித்த பலகையாகப் போடச் சொன்னேன், நீண்ட காலம் இருக்கட்டும் என்று. சில்லுப் புடைப்பின் இரண்டு பக்கமும் 18 மில்லிமீற்றர் பலகை ஏறியது. பார்க்க வடிவாக இருந்தது. அடுத்த நாள் விடிய மூன்று மணிக்குச் சந்தையில் முதல் இரண்டு பெட்டியை உள்ளே தள்ளுகிறேன், இரண்டாவது பெட்டி இறங்கவில்லை. 1229 மில்லிமீற்றரில் 36 போனால் 1193. பெட்டி இரண்டுக்கும் 1200 வேண்டும். ஏழு மில்லிமீற்றருக்காக அன்று பாதிச் சாமானோடு திரும்பி வந்தேன். பின்னேரம் நானே இருந்து அந்தப் பலகையைக் கழற்றினேன். அன்றிலிருந்து அளவு நாடா வானின் கதவுப் பையிலேயே கிடக்கிறது.

அடுத்தது பாரம். வானின் கதவுத் தூணில் அல்லது பொனற்றுக்குள் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். அதில் நான்கு எண்கள். முதலாவது, சாமானும் ஆளும் எரிபொருளும் சேர்ந்து வான் இருக்கக்கூடிய முழு எடை. இரண்டாவது, பின்னால் இழுவைப் பெட்டி பூட்டினால் எல்லாம் சேர்த்து. மூன்றாவது முன் அச்சுக்கு, நான்காவது பின் அச்சுக்கு. விளம்பரத்தில் எழுதியிருக்கும் பாரத்தை நம்பி ஏற்றாதீர்கள். பொது எடைப்பாலத்துக்குப் போய், டாங்கை நிரப்பி, நீங்களும் உதவிக்கு வரும் ஆளும் ஏறி இருந்து வெறும் வானை நிறுங்கள். முதல் எண்ணிலிருந்து அதைக் கழித்தால் வருவதுதான் உண்மையாக ஏற்றலாம். ஒரே பெயரில் வரும் பெர்லிங்கோவிலேயே சிலது 600 கிலோவை ஒட்டி, சிலது 900ஐத் தாண்டி இருக்கும். கீரை, கத்தரிக்காய் என்றால் இது பெரிதாகத் தெரியாது. அரிசியும் வெங்காயமும் ஏற்றும்போதுதான் பிடிக்கும். 20 கிலோ அரிசிப் பை முப்பது வைத்தால் 600 கிலோ. வான் பாதிகூட நிரம்பியிருக்காது, பாரம் முடிந்திருக்கும். இன்னும் இடம் இருக்கிறதே என்று மேலும் பத்துப் பையைப் போடத்தான் மனம் சொல்லும். தெருவில் மறித்து நிறுத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதைவிட, மழை நாளில் பிறேக் பிடித்தால் நிற்காது.

சரி, எந்த வருடம், எந்த எஞ்சின்? 2023 ஓகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லாப் பகுதியும் யூலெஸ் எல்லைக்குள், அதாவது புகை கூடிய வண்டிகளுக்குக் கட்டணம் அறவிடும் எல்லைக்குள் வந்துவிட்டது. எஞ்சின் புகைக்கு ஐரோப்பியத் தரம் இருக்கிறது, அதில் டீசல் என்றால் யூரோ 6, பெற்றோல் என்றால் யூரோ 4 இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடும் ஒவ்வொரு நாளும் 12 பவுண் 50. இங்கேதான் நம்மவர்கள் பலர் ஏமாறுகிறார்கள். கார்களுக்கு யூரோ 6 வந்தது 2015 செப்ரெம்பரில். ஆனால் நீங்கள் பார்க்கும் அளவிலான வான்களில் பலவற்றுக்கு அது 2016 செப்ரெம்பரில்தான் கட்டாயமானது. ஆகவே இந்த இரண்டு திகதிக்கும் இடையில் பதிந்த, இலக்கத் தகட்டில் 65 அல்லது 16 என்று இருக்கும் டீசல் வான் யூரோ 5 ஆக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. விலை ஆயிரம் பவுண் குறைவாகத் தெரியும், மூன்று மாத ஓட்டத்தில் அந்த ஆயிரம் போய்விடும். 2016 செப்ரெம்பரில் தொடங்கிய 66 தகட்டிலிருந்து மேலே பாருங்கள். அப்படியும் விற்பவர் வாய்ச்சொல் வேண்டாம். லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் வண்டி இலக்கத்தை அடித்தால் ஒரு நிமிடத்தில் பதில் வரும்.

டீசலா பெற்றோலா என்றால், ஈஸ்ட்ஹாம், இல்போர்ட், மனர்பார்க் என்று மூன்று மைலுக்குள் நின்று நின்று ஓடும் வேலைக்கு டீசல் ஒத்துவராது. யூரோ 6 டீசலில் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. நீண்ட ஓட்டத்தில் சூடேறினால்தான் அது தன்னைத்தானே எரித்துத் துப்புரவாக்கும். தெரு தெருவாக ஓடினால் அடைத்துக்கொள்ளும், பிறகு கராஜ்காரர் சொல்லும் தொகை நெஞ்சில் கை வைக்கச் செய்யும். கிழமைக்கு இரண்டு மூன்று தடவை ஹரோ, குறொய்டன், லூட்டன் என்று தூரம் போவீர்களானால் டீசல் சரி. இல்லாவிட்டால் பெற்றோல் பாருங்கள். பெற்றோல் எடுத்தாலும் ஒன்றைக் கேளுங்கள். சில சின்னப் பெற்றோல் எஞ்சின்களில் எஞ்சினின் உள் உறுப்புகளை நேரம் தவறாமல் சுற்றவைக்கும் ரைமிங் பெல்ற் எண்ணெய்க்குள்ளேயே ஓடும். எண்ணெய் நேரத்துக்கு மாற்றியதற்கும் பெல்ற் பார்த்ததற்கும் ரசீது இல்லாவிட்டால் அந்த வானை விட்டுவிடுங்கள், எவ்வளவு மினுங்கினாலும்.

மின்சார வானைப் பற்றியும் யோசித்திருப்பீர்கள். வீட்டு வாசலில் சொந்தமாக நிறுத்தி சார்ஜ் போட இடம் இருந்தால் நல்லது. அடுக்குமாடியில் இருந்துகொண்டு தெருச் சார்ஜரை நம்பி இந்த வேலை செய்ய முடியாது. பழைய ரெனோ கங்கூ மின்சார வான்களில் சிலவற்றுக்குப் பற்றரி மாத வாடகையில் இருந்தது. அதைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

வாங்கும்போது மாட்டிக்கொள்ளும் முதல் இடம் விலைதான். விளம்பரத்தில் 6,500 என்று போட்டு, பக்கத்தில் சின்னதாக ‘கூட்டல் வற்’ என்று, அதாவது விற்பனை வரி தனி என்று இருக்கும். 20 வீதம் சேர்த்தால் 7,800. வரிப் பதிவு உள்ள கொம்பனிக்கு அது திரும்பி வரும், உங்களுக்கு வராது. அடுத்தது, அரசாங்கத் தளத்தில் எம்.ஓ.ரி என்ற வருடாந்த வண்டிச் சோதனையின் வரலாறு இலவசம். வண்டி இலக்கத்தைப் போட்டால் ஒவ்வொரு வருடமும் என்ன பழுது சொன்னார்கள், எத்தனை மைல் என்று வரிசையாக இருக்கும். மைல் குறைந்திருந்தால் வேறொன்றும் பார்க்க வேண்டாம். கடன் மிச்சம் இருக்கிறதா, விபத்தில் கழித்ததா என்று காசு கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். லொக்புக் என்ற பதிவுப் பத்திரத்தில் பெயர் இருப்பது சொந்தக்காரர் என்பதற்கு அத்தாட்சி இல்லை, அதை அந்தப் பத்திரமே சொல்கிறது. முந்தியவர் கட்டிய ரோட் ரக்ஸ் உங்களுக்கு மாறாது, கட்டிவிட்டுத்தான் தெருவில் இறக்கலாம். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய்ப் பாருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். பின்னால் ரப்பர் விரிப்பைத் தூக்கித் தரையைப் பாருங்கள், பக்கக் கதவைப் பத்துத் தரம் இழுத்து மூடுங்கள். நாளைக்கு நாற்பது தரம் திறக்கப்போகும் கதவு அது.

இனி, நான் உங்களிடம் கெஞ்சிச் சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். காப்புறுதி.

மச்சான் பெயரில் காப்புறுதி போட்டு நீங்கள் ஓடலாம் என்று யாராவது சொல்வார்கள். நல்ல மனத்தோடுதான் சொல்வார்கள், எங்கள் ஆட்களிடம் இது பழகிப்போய்விட்டது. முதன்மை ஓட்டுநர் யார் என்று பொய் சொல்வது இங்கே மோசடி. விபத்து நடந்தால் காப்புறுதிக் கொம்பனி கை கழுவும். இன்னொன்று, சொந்தச் சாமான் ஏற்றுவதற்கு ஒரு காப்புறுதி, அடுத்தவர் சாமானைக் கூலிக்கு ஏற்றுவதற்கு வேறு காப்புறுதி. நீங்களே சந்தையில் வாங்கி விற்றால் முதலாவது. மற்றக் கடைக்காரர் வாங்கிய சாமானைக் காசுக்கு ஏற்றிக் கொடுத்தால் இரண்டாவது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டும் செய்யப் போகிறீர்கள், ஆகவே இரண்டாவதைச் சொல்லிக் கேளுங்கள். ஏற்றிய சாமானுக்கு என்று தனிக் காப்புறுதியும் உண்டு. பிழையான காப்புறுதியோடு மறித்தால் அது காப்புறுதி இல்லாத மாதிரியே. 300 பவுண் தண்டம், லைசென்ஸில் 6 தண்டப் புள்ளி. புது லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி வந்தால் லைசென்ஸே போய்விடும், திரும்பவும் முதலிலிருந்து சோதனை. என் அக்காவின் மகனுக்கு இது நடந்தது. வான் பொலிஸ் முற்றத்தில், அவன் பஸ்ஸில். பத்து மாதம் வேலை இல்லாமல் இருந்தான். வானுக்குக் காசு கட்ட முன்னரே அதன் இலக்கத்தைப் போட்டுக் காப்புறுதி விலை கேளுங்கள். சில வேளை அந்த விலையைக் கேட்டபிறகு வேறு வான் பார்க்க வேண்டி வரும்.

லைசென்ஸ் என்றதும் நினைவு வந்தது. இலங்கை லைசென்ஸில் இங்கே குடியிருக்க வந்த நாளிலிருந்து 12 மாதம்தான் ஓடலாம், அதை மாற்றித் தரவும் மாட்டார்கள். உங்களுக்கு மிச்சம் ஐந்து மாதம். இன்றைக்கே தற்காலிக லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். எழுத்துச் சோதனை முடிந்ததும் ஓட்டச் சோதனைக்குத் திகதி எடுங்கள், லண்டனில் காத்திருப்பு மாதக் கணக்கில் போகும். சோதனை பாஸாகுமுன் வான் வாங்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். துணை விசாவில் வந்தவர் சொந்தத் தொழில் செய்யலாம், அது உங்களுக்கு நல்ல காலம். இதை வாசிக்கும் மாணவர் விசாத் தம்பிமார் இதைப் பார்த்து வான் எடுக்க வேண்டாம், உங்களுக்குச் சொந்தத் தொழில் செய்ய அனுமதி இல்லை.

உள்ளே செய்யும் வேலைக்குப் பெரிய காசு போடத் தேவையில்லை. முதலாவது, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு முழுதாக இருக்க வேண்டும். என் முதல் வானில் பாதித் தடுப்புத்தான். றொம்ஃபோர்ட் றோட்டில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வர பிறேக் அடித்தேன், மேலே இருந்த வெங்காயப் பை பறந்து வந்து பக்கத்து இருக்கையில் விழுந்தது. வழக்கமாக அந்த இருக்கையில் என் மனைவி இருப்பாள். அன்று வரவில்லை.

தரைக்கு 12 மில்லிமீற்றர் பிளைவூட், வழுக்காத மேற்பரப்பு உள்ளது. பக்கச் சுவருக்கு 6 மில்லிமீற்றர் போதும். புடைப்புக்கு மரம் போடாமல் மெல்லிய பிளாஸ்டிக் உறை போடுங்கள், காரணம் சொன்னேன். பலகை போடும்போது தரையில் கொம்பனி வைத்த கொழுவி வளையங்களை மூடிவிடுவார்கள். அவற்றுக்கு ஓட்டை விடச் சொல்லுங்கள், பட்டி கட்டுவது அவற்றில்தான். புதுத் துளை போட்டால் துளை விளிம்பில் துருத் தடுப்புப் பெயின்ற் பூசாமல் ஆணி இறக்க விடாதீர்கள், அடியில் டாங்க் எங்கே, வயர் எங்கே என்று முதலில் பார்க்கட்டும். மீன், இறைச்சி ஏற்றப் போகிறீர்களானால் மரம் சரிவராது, கழுவக்கூடிய உறை வேண்டும். சாப்பாட்டுச் சாமான் தொழில் என்பதால் தொடங்குவதற்கு 28 நாள் முன்னரே உங்கள் கவுன்சிலில் பதிய வேண்டும். அதற்குக் காசு இல்லை.

பிறகு எல்.ஈ.டி விளக்கு. விடிய மூன்று மணிக்குப் பெட்டியின் பெயரை வாசிக்கக் கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றவன் சொல்கிறேன், கட்டாயம் போடுங்கள். பின் கதவுக்குக் கூடுதல் பூட்டு ஒன்றும் போடுங்கள். கூரைச் சட்டம் வேண்டாம், எரிபொருள் தின்னும். உள்ளே தட்டு அடிப்பதும் உங்கள் வேலைக்குத் தேவையில்லை, தட்டின் எடையும் உங்கள் பாரக் கணக்கில்தான் போகும். எதைப் பூட்டினாலும் காப்புறுதிக்காரருக்கு அறிவியுங்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு இரண்டு சின்ன விஷயம். வானுக்கு வேக எல்லை காருக்கு உள்ளது போல இல்லை. ஊருக்கு வெளியே, வேறு எல்லை போடாத இடத்தில், நடுப் பிரிப்பில்லாத தெருவில் மணிக்கு 50 மைல், நடுப் பிரிப்புள்ள இரட்டைத் தெருவில் 60, மோட்டர்வேயில் 70. ஏற்றி முழு எடை 2 தொன்னுக்குள் உள்ள, காரிலிருந்து செய்த வான்களுக்கு மட்டும் விலக்கு. நீங்கள் பார்ப்பவை அநேகமாக அதற்குள் வராது. மற்றது, மஞ்சள் கோட்டில் நிறுத்திச் சாமான் இறக்கலாம் என்பார்கள். நடைபாதை ஓரக்கல்லிலும் மஞ்சள் கீறு இருந்தால் இறக்குவதற்கும் தடை உண்டு, பக்கத்து அறிவிப்புப் பலகையில் நேரம் போட்டிருக்கும். முதல் மாதம் எனக்கு மூன்று தண்டம் வந்தது அந்தக் கீறைப் பார்க்காததால்தான்.

ஏழாயிரத்தில் ஐயாயிரத்துக்கு வான் பாருங்கள். மிச்சம் காப்புறுதிக்கும் பலகைக்கும் முதல் சேர்விஸுக்கும் சரியாக இருக்கும். நீள பெர்லிங்கோ, பார்ட்னர் இரண்டையும் முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால் நிசான் என்வி200, அதன் தரையும் 2 மீற்றருக்குச் சற்று மேல். பார்க்கப் போகும்போது மச்சானின் கடையிலிருந்து இரண்டு வெறும் பெட்டியை எடுத்துக்கொண்டு போங்கள். விற்பவர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை, பின் கதவைத் திறந்து உள்ளே வைத்துப் பாருங்கள்.