தாத்தாவின் ராலே

அன்புள்ள ஐயா,

வணக்கம். பாலக்கோட்டில் வசிக்கிறேன். எங்கள் தாத்தா புளி வியாபாரம் செய்தவர். அவர் ஓட்டிய ராலே சைக்கிள் முப்பது ஆண்டுகளாக மாட்டுக் கொட்டகைப் பரணில் கிடந்தது. சென்ற மாதம் அதை இறக்கித் துடைத்து, இங்குள்ள ஒரு கடையில் கொடுத்து ஓவராயில் செய்தேன். முன்பக்கத் தகட்டில் நாட்டிங்காம் என்றும், பின் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் ஏ.டபிள்யூ., 52 என்றும் பொறித்திருக்கிறது. டயர், டியூப், பால்ஸ் எல்லாம் புதிது. ஆனாலும் மிதிக்க மிகவும் கனமாக இருக்கிறது. இராயக்கோட்டைக்குப் புறப்பட்டு, மாரண்டஅள்ளியைத் தாண்டியதும் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். தாத்தா இதில் புளி மூட்டையோடு எப்படி ஏறினார் என்று புரியவில்லை. பழைய ஹப்பைக் கழற்றிவிட்டு சாதாரண ஹப்பும் ஃப்ரீவீலும் போடலாம், பவுடர் கோட்டிங் கொடுத்தால் புது வண்டி போல ஆகிவிடும் என்கிறார் மெக்கானிக். தங்கள் கருத்து என்ன?

எஸ்., பாலக்கோடு

அன்புள்ள எஸ்.,

ஹப்பைக் கழற்ற வேண்டாம். வண்டி கனப்பதற்குக் காரணம் அதன் வயதல்ல, அதில் இருந்திருக்க வேண்டிய ஒரு கேபிள் இல்லாமல் போனதுதான் என்று உங்கள் கடிதத்தை வைத்தே சொல்லத் தோன்றுகிறது.

ஏ.டபிள்யூ. என்பது நாட்டிங்காமில் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் செய்த மூன்று கியர் ஹப். 52 என்பது அது செய்யப்பட்ட 1952ஆம் ஆண்டு. வெளியே பார்த்தால் சாதாரண ஹப்பைவிடச் சற்றுப் பருத்திருக்கும், அவ்வளவுதான். பற்சக்கரங்கள் எல்லாம் அந்த உருளைக்குள்ளேயே அடங்கியிருக்கும். பின் அச்சின் வலப்பக்க முனையில் விரற்கடை நீளத்துக்கு மெல்லிய சங்கிலி ஒன்று தொங்குகிறதா என்று பாருங்கள். ஹேண்டில்பாரிலிருந்து வரும் கேபிள் அதைத்தான் இழுக்கும். முழுக்க இழுத்தால் முதல் கியர். அப்போது செயின் சுற்றும் பல்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் முக்கால் சுற்றுத்தான் சுற்றும். பாதி இழுத்தால் ஒன்றுக்கு ஒன்று. தளரவிட்டால் மூன்றாவது கியர், அதாவது ஒரு சுற்றுக்கு ஒன்றே கால் சுற்றுக்கும் சற்று அதிகம். கேபிள் அறுந்துபோனாலும் கழற்றப்பட்டிருந்தாலும் ஹப் தானாகவே இந்த மூன்றாவது கியரில் நின்றுவிடும். ஆக, சமதரையில் காற்று பின்னாலிருந்து தள்ளும்போது போட வேண்டிய கியரில் நீங்கள் இராயக்கோட்டை ஏற்றத்தில் ஏறப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் தாத்தா அதே ஏற்றத்தை முதல் கியரில், நீங்கள் கொடுத்த அழுத்தத்தில் பாதிக்குச் சற்றே கூடுதலாகக் கொடுத்து ஏறியிருப்பார். மூட்டை வியாபாரிக்கு அந்தக் காலத்தில் இந்த ஹப் ஆடம்பரமாக இருந்திருக்க முடியாது. கணக்குப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார்.

கியர் மாற்றும் விசையும் கேபிளும் பழைய சைக்கிள் சேகரிப்பவர்களிடம் தேடினால் கிடைக்கும். கிடைக்கும் வரை ஒரு துண்டுக் கேபிளைச் சங்கிலியில் மாட்டி, நடுக் கியர் நிற்கும் அளவுக்கு இழுத்துச் சட்டத்தில் இறுக்கிவிடலாம். அந்த அளவைக் கண்டுபிடிக்க வலப்பக்க நட்டில் ஒரு சிறு துளை இருக்கிறது; சங்கிலி வந்து சேரும் கம்பியின் முனை அதன் வழியே அச்சின் முனையோடு சமமாகத் தெரிய வேண்டும். இதில் அலட்சியம் கூடாது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே எதையும் பிடிக்காத ஓர் இடம் இருப்பதால், அளவு தப்பினால் நீங்கள் எழுந்து நின்று மிதிக்கும் நேரம் பார்த்து மிதி வெறுமனே சுழன்று ஆளைக் கவிழ்த்துவிடும். ஹப்பில் உள்ள சிறு மூடியைத் திறந்து மெல்லிய எண்ணெய் சில சொட்டுகள் விடுங்கள். உள்ளே கிரீஸ் திணித்திருந்தால் மெக்கானிக்கிடம் சொல்லிக் கழுவச் செய்யுங்கள். ஓசையில்லாமல் ஓடுகிறதே என்று மகிழ வேண்டியதில்லை, நல்ல ஹப் இரண்டாவது, மூன்றாவது கியர்களில் டிக் டிக்கென்று பேசிக்கொண்டேதான் வரும்.

இன்னொன்று: மிதி அச்சின் கப்புகளை மாற்றினார்களா என்று கேளுங்கள். அந்தக் கால ராலேயின் மரையில் அங்குலத்துக்கு 26 சுற்றுகள். மற்ற பெரும்பாலான வண்டிகளில் 24. பொருந்தாத கப்பை வலிந்து ஏற்றினால் சட்டத்தின் மரையே போய்விடும்.

பவுடர் கோட்டிங் பற்றி நான் நடுநிலையாகப் பேச முடியாது. முதல் வேலை கிடைத்த ஆண்டில், அப்பாவின் சைக்கிளைத் தருமபுரியில் ஒரு பெயின்ட் கடையில் கொடுத்தேன். கையால் இழுத்த தங்கக் கோடுகளையும், சட்ட எண்ணையும், அக்கா அமர்ந்து அமர்ந்து இரும்பு பளபளத்துக் கிடந்த பார் கம்பியையும் ஒரே கறுப்பில் மூடித் திருப்பிக் கொடுத்தார்கள். அப்பா சுற்றிவந்து பார்த்துவிட்டு, "போக்ஸ் கம்பிக்கும் சேர்த்தா அடிச்சாங்க?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டதன் பொருள் மூன்று மாதம் கழித்துப் புரிந்தது: கம்பிகளை ரிம்மில் இறுக்கும் நிப்பிள்கள் பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டதால் பின் சக்கரத்தின் கோட்டத்தை எடுக்கவே முடியவில்லை. கம்பி நாற்பதையும் வெட்டிப் புதிதாகக் கோத்தோம்.

உங்கள் வண்டியை சோப்புத் தண்ணீரில் கழுவி, துரு ஏறிய இடங்களை எண்ணெயில் நனைத்த துணியால் பொறுமையாகத் தேய்த்து, மேலே மெழுகு பூசினால் போதும். கேரியரில் மூட்டைக் கயிறு அறுத்த தடமும், சைக்கிளுக்கு வரி கட்டி வாங்கிய வில்லையைக் கட்டிய கம்பியின் தழும்பும் இருந்தால் அப்படியே இருக்கட்டும்.

முதல் கியர் கிடைத்ததும் இராயக்கோட்டைக்கு மீண்டும் போவீர்கள் என்று தெரியும். ஏறுவதைவிட இறங்குவதற்குத் தயாராகுங்கள். கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிகள் இழுக்கும் கம்பி பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில் உரசி நிற்பவை. இரும்பு ரிம் நனைந்துவிட்டால் அவை பிடிப்பது போலவே இருக்கும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். புதிய கட்டைகள் போட்டு, மழையில்லாத ஒரு காலையில், இரண்டு பிரேக்கையும் இறக்கத்தின் தொடக்கத்திலிருந்தே பிடித்தபடி இறங்குங்கள்.