வீட்டில் கல்கண்டு செய்ய முடியுமா? பத்து நாளாகியும் பாகு அப்படியே இருக்கிறதே, ஏன்?

முடியும். எனக்கு நாலாவது தடவையில் முடிந்தது.

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கல்கண்டு விற்கிறவன் கல்கண்டு செய்வதைப் பற்றி எழுதினால், "கடைசியில் கடையில வாங்குங்கன்னுதானே முடிப்பே" என்று கீழே யாராவது வந்து கேட்பார்கள். ஒரு பாக்கெட் டைமண்ட் கல்கண்டில் எனக்கு நிற்கும் லாபத்தில் ஒரு டீ குடிக்க முடியாது. அதனால் அந்தச் சந்தேகம் வேண்டாம்.

உங்கள் பிள்ளைக்குப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் பாட்டிலுக்குள் நூலைத் தொங்கவிட்டுவிட்டுப் பத்து நாள் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? எனக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. மகள் அப்போது ஏழாம் வகுப்பு. அவளுக்குக் கிடைத்த தலைப்பு படிகமாதல். "நம்ம கடையிலயே இருக்கே, ஒரு பாக்கெட் எடுத்துட்டுப் போ" என்றேன். வாங்கியது கூடாதாம், வளர்த்துக் காட்ட வேண்டுமாம்.

பாகு விஷயத்தில் என் மனைவி கெட்டிக்காரி. தீபாவளிக்கு அவள் செய்யும் குலாப் ஜாமூன் பாகு நாலு நாள் ஆனாலும் சீனி பூக்காது. அதனால் முதல் தடவை காய்ச்சும் பொறுப்பை அவளிடமே விட்டேன். கண்ணாடி மாதிரி தெளிந்த பாகு. பாட்டிலில் ஊற்றி, நூல் தொங்கவிட்டு, பத்து நாள் பார்த்தோம். பத்தாம் நாளும் அதே கண்ணாடிதான். நூலில் ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை. எனக்கு வேறு யோசனையே வரவில்லை, சீனியில் கலப்படம் என்று மொத்த வியாபாரிக்குப் போன் போட்டு இரண்டு வார்த்தை பேசியும்விட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, வழக்கம்போல அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்திருக்கிறாள்.

புளிப்பு சேர்த்துக் காய்ச்சினால் சீனியில் ஒரு பகுதி உடைந்து குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாகப் பிரிந்துவிடும். சீனி ஒன்றோடொன்று சேர்ந்து படிகமாக வரும்போது இந்த இரண்டும் நடுவில் புகுந்து சேரவிடாமல் செய்யும். ஜாமூன் பாகு பூக்காமல் இருப்பதற்குக் காரணமும் இதுதான். அவளைக் கேட்டால், "நீங்க பாகுன்னுதான் சொன்னீங்க, கல்கண்டுன்னு சொல்லலையே" என்றாள். அந்த மொத்த வியாபாரியிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இரண்டாவது தடவை எலுமிச்சை இல்லை. நூலை நனைத்துச் சீனியில் புரட்டி எடுத்தோம், படிகம் பிடித்துக்கொள்ள ஒரு தொடக்கம் வேண்டுமே என்று. அது சரிதான். ஆனால் நூல் காய்வதற்குள் கொதிக்கக் கொதிக்க இருந்த பாகில் இறக்கிவிட்டேன். ஒட்டியிருந்த சீனி எல்லாம் அந்தச் சூட்டில் கரைந்து போனது. ஒரு வாரத்தில் பாட்டிலின் அடியில் செங்கல் மாதிரி ஒரு கட்டி. நூல் மட்டும் பூக்கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே இருந்தது.

மூன்றாவது தடவை எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தோம். அதைக் கெடுத்தது எங்கள் அம்மா. காலையில் விளக்கேற்றியதும் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "ஏட்டி, இன்னைக்கு வளந்திருக்கா பாரு" என்று பேத்தியைக் கூப்பிடுவார்கள். மேலே ஏடு மாதிரி உறைந்ததை ஸ்பூனால் தட்டி உள்ளே தள்ளியும் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதுசு புதுசாகக் குருணை விழும். பாகில் மிச்சமாக இருக்கிற சீனி பத்து இடத்தில் சேர்ந்தால் பெரிய கல் கிடைக்கும், பத்தாயிரம் இடத்தில் சேர்ந்தால் திரும்பவும் சீனிதான் கிடைக்கும். எங்களுக்குச் சீனிதான் கிடைத்தது. ஒரு கிலோ சீனி போட்டு, மூன்று வாரம் காத்திருந்து, ஈரச் சீனி எடுத்த குடும்பம் திருநெல்வேலி ஜில்லாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

சரி, நாலாவது தடவைக்கு வருகிறேன். ஒரு டம்ளர் தண்ணீருக்கு மூன்று டம்ளர் சீனி. அடுப்பைக் குறைவாக வைத்து ஒரு பருக்கை மிச்சமில்லாமல் கரைய விடுங்கள். விரலில் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், கம்பி எட்டிப் பார்க்கிற இடத்தில் இறக்கிவிட வேண்டும். இரட்டைக் கம்பிக்குப் போனால் மொத்தமும் ஒரே பாளமாக இறுகிவிடும். அழுக்கு வந்தால் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். பாகு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் நூல் உள்ளே போக வேண்டும். பூக் கட்டும் பருத்தி நூல் போதும், நைலான் வழுக்கும். சீனியில் புரட்டிய நூல் ராத்திரி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். நான் அதோடு நூலின் நுனியில் கடையிலிருந்து ஒரு டைமண்ட் கல்கண்டையும் கட்டிவிட்டேன், பாரத்துக்கும் ஆச்சு, விதைக்கும் ஆச்சு. இது ஏமாற்று வேலை என்று யாராவது சொல்வதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், விதைப் படிகம் போட்டு வளர்ப்பது ஆய்வுக்கூடத்திலும் செய்கிற முறைதான். கல் பக்கத்தைத் தொடாமல், அடியைத் தொடாமல் நடுவில் தொங்க வேண்டும். வாயை மெல்லிய துணியால் கட்டி, ஃபேன் காற்று படாத பரண் மேல், தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வைத்தேன். தட்டு எறும்புக்கு, பரண் அம்மாவுக்கு.

பன்னிரண்டாம் நாள் இறக்கினோம். சுண்டுவிரல் தடிமனுக்கு, முகம் முகமாக வெட்டியது போல. மகள் தொடவே பயந்தாள்.

ஆனால் ஒன்றை முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். போட்ட சீனி முழுக்கக் கல்லாக வராது. சாதாரண வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 2 கிலோ சீனியைக் கரைத்து வைத்துக்கொள்ளும், கொதிக்கும்போது அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கரைக்கும். ஆறும்போது தாங்க முடியாமல் வெளியே தள்ளுகிற உபரிதான் கல்கண்டு. நம் அளவுக்கு ஒரு கிலோ சீனி போட்டால் சுமார் 200 கிராம் வரும், மிச்சம் பாகாகவே நிற்கும். ஆலையில் அதைத் திரும்பக் காய்ச்சுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு மாதம் கேசரி சாப்பிட்டோம்.

இதைத் தெரிந்துகொண்டால் "சீனிதானே, இதுக்கு ஏன் இவ்வளவு விலை?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கேட்கிறார்கள். விலை கேட்பதுகூடப் பரவாயில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் வாசலில் சந்தனம், குங்குமத்தோடு வைக்க இரண்டு கிலோ வாங்கிப் போவார்கள். மூன்றாம் நாள் முக்கால் கிலோவைத் திருப்பிக் கொண்டுவந்து "பிரிக்கவே இல்லண்ணாச்சி" என்பார்கள். உள்ளே கையை விட்டால் பாதிக் கல் சிவப்பு, பாதியில் பன்னீர் வாசனை. முகூர்த்தத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கைவிட்டு அள்ளிய கல்லை நான் யாருக்கு விற்பது? வாங்க மாட்டேன் என்றால் சொந்தக்காரனுக்கே இப்படியா என்று பேச்சு. போன ஆவணியில் இதனால் ஒரு சித்தப்பா வீட்டோடு பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

கருப்பட்டியில் இதே மாதிரி பனங்கல்கண்டு செய்யலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வீணாக முயற்சி செய்யாதீர்கள். கருப்பட்டியை ஒரு தடவை காய்ச்சி இறுக்கியாகிவிட்டது. அதில் சீனி தவிர மற்றதும் நிறைய இருக்கிறது, திரும்பக் கரைத்துத் தொங்கவிட்டால் கறுப்புப் பாகுதான் மிஞ்சும். பனங்கல்கண்டு நேராகப் பதநீரிலிருந்து வருவது. சின்ன வயதில் அப்பாவோடு சரக்கு எடுக்க உடன்குடிப் பக்கம் ஒரு விளைக்கு, அதாவது பனந்தோப்புக்கு, போயிருக்கிறேன். கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் பதநீர் இறக்குவார்கள். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும், புளித்தால் கல்கண்டும் போச்சு. என் மனைவியின் எலுமிச்சம்பழம் ஞாபகம் வருகிறதா? பதநீரைக் கூப்பனிப் பதத்துக்கு, அதாவது கெட்டிப் பாகாக, காய்ச்சி, நூல் கட்டிய பானையில் ஊற்றி, மண்ணில் புதைத்து மூடியிருந்தார்கள். நான் மூடியைத் தொடப் போனேன். அங்கே இருந்த பெரியவர் என் கையைத் தட்டிவிட்டு அப்பாவிடம், "நாப்பது நாளு கழிச்சு வாங்க, அப்போ பையனையும் கூட்டிட்டு வாங்க" என்றார். அப்பா என்னைக் கூட்டிப் போகவில்லை, பள்ளிக்கூடம் இருந்தது. சரக்கு மட்டும் வந்தது. ஒரு கல்லை உடைத்து உள்ளே நூல் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது.

மகளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஸ்டேஷனரி கடையில் ரெடிமேடாக விற்கிற எரிமலைக்குக் கொடுத்தார்கள். அதைப் பற்றித் தனியாகக் கேளுங்கள், நிறைய எழுத இருக்கிறது.

உங்கள் பாகு பத்து நாளாகியும் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றால் சீனிக்காரரைத் திட்ட வேண்டாம். முதலில் வீட்டில் யார் எலுமிச்சம்பழம் பிழிந்தது என்று விசாரியுங்கள்.