ஒரே போனஸை இரண்டு பேருக்குக் கொடுக்க முடியுமா?

கேள்வி: டோக்கியோவின் நிஷி-கசாயில் வசிக்கும் ஐ.டி. ஊழியன் நான். நிரந்தர வசிப்பு அனுமதி கிடைத்துவிட்டது. வாடகை 1,25,000 யென். சிபா மாநிலம் ஃபுனாபாஷியில் 1983-இல் கட்டிய ஒரு ஃபிளாட் 1 கோடியே 60 லட்சம் யென்னுக்கு வருகிறது. செலவுகளையும் சேர்த்து 1 கோடியே 72 லட்சம் கடன், 1% மாறும் வட்டி, 25 வருடம். மாதம் 40,000 யென்தான் என்கிறார் ஏஜென்ட். ஜூலை, டிசம்பர் போனஸில் மட்டும் தலா 1,50,000 தனியாகக் கட்டவேண்டும். போனஸ் கைக்கு வருவது மூன்றரை லட்சம். அதில் 3 லட்சத்தை ஊரில் வீடு கட்டும் அண்ணனுக்கு அனுப்பிவிடுவேன். கையில் 4 லட்சம் இருக்கிறது. 15% வட்டியில் கார்டு கடன் 6 லட்சம். வீடு பழசு என்பதுதான் பயம். வாங்கலாமா?

பதில்: வீட்டின் வயதைப் பார்த்து நான் பயப்படவில்லை. கட்டட அனுமதி 1981 ஜூன் 1-க்குப் பிறகு வாங்கப்பட்டதா என்று மட்டும் பாருங்கள். நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டுவதற்கான புதிய விதி அன்றுதான் அமலுக்கு வந்தது. கட்டி முடித்த வருடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அனுமதித் தேதிதான் கணக்கு.

எனக்குக் கவலை உங்கள் போனஸ்தான். மூன்றரை லட்சத்தில் அண்ணனுக்கு 3, வங்கிக்கு ஒன்றரை என்றால், ஒவ்வொரு முறையும் ஒரு லட்சம் துண்டு விழும். அதை எங்கே புரட்டுவீர்கள்? மறுபடியும் அந்தக் கார்டில்தான். இப்போதே அதற்கு வருடம் சுமார் 90,000 யென் வட்டி போகிறது.

ஏஜென்ட் சொன்ன 40,000-ஐ மறந்துவிடுங்கள். போனஸில் கட்டுவதையும் பரப்பிப் போட்டால் மாதம் 65,000. நிர்வாகக் கட்டணமும் பழுதுபார்ப்பு நிதியும் இரண்டும் சேர்ந்து 27,000, சொத்து வரி 6,000 என்று வைத்தால் 98,000. வாடகையைவிடக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஜப்பான் மத்திய வங்கி 2024 மார்ச்சில் எதிர்மறை வட்டியை, அதாவது பூஜ்யத்துக்கும் கீழே வைத்திருந்த வட்டியை, கைவிட்டதிலிருந்து வட்டி ஏறுமுகம். 1% என்பது 2% ஆனால், தவணையில் மாதம் 8,000 கூடும்.

பழைய கட்டடத்தில் இன்னொரு செலவும் காத்திருக்கிறது. உள்ளே தரையும் சமையலறையும் பளபளக்கும்படி புதுப்பித்திருப்பார்கள். அதைப் பார்த்து மயங்காமல், நிர்வாக நிறுவனத்திடமிருந்து வரும் அறிக்கையை ஏஜென்டிடம் கேட்டு வாங்குங்கள். பழுதுபார்ப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது, மாதக் கட்டணத்தை உயர்த்தும் திட்டம் உண்டா, கட்டணப் பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் அதில் தெரியும். முந்தைய உரிமையாளர் வைத்த பாக்கியைச் சட்டப்படி உங்களிடமும் கேட்கலாம். பெரிய பழுதுபார்ப்பு பொதுவாகப் பன்னிரண்டு, பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை வரும். அதற்கு வீட்டுக்குப் பத்து லட்சம் யென்னுக்கு மேல்கூட ஆகும். நிதி போதாவிட்டால் ஒவ்வொரு வீட்டிலும் தனியாக வசூலிப்பார்கள். சொற்பச் சேமிப்போடு கார்டை நம்பியிருப்பவரால் அதைத் தாங்க முடியாது.

ஆகவே இப்போது வாங்காதீர்கள். அடுத்த போனஸ் வருவதற்கு முன்பே அண்ணனுக்கு ஃபோன் செய்து பேசிவிடுங்கள். "மாதம் 15,000 யென் தவறாமல் வரும், போனஸில் இனி எதுவும் வராது" என்று தொகையைச் சொல்லியே பேசுங்கள். "பார்க்கலாம்ணே" என்று இழுத்தால், அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கொத்தனாருக்கு வாக்குக் கொடுத்துவிடுவார். வருத்தப்படுவார்தான். நீங்கள் குடியிருக்கப்போகும் வீட்டுக்கான பணம் இது என்று அண்ணியிடமும் சொல்லுங்கள்.

அடுத்த இரண்டு போனஸில் கார்டு கடன் தீர்ந்து ஒரு லட்சம் மிஞ்சும். மூன்றாவதையும் சேர்த்தால் கையில் எட்டரை லட்சம். இந்த விலைக்குத் தரகு மட்டுமே அதிகபட்சம் 5,94,000 யென் வரும், அதைக் கடனில் சேர்க்காமல் ரொக்கமாகவே கொடுத்துவிடலாம். ஒன்றரை வருடம் ஆகட்டும். இந்த மாதிரிப் பழைய ஃபிளாட்டுகள் அதற்குள் தீர்ந்துவிடாது.

அப்புறம், அதே ஏஜென்ட் பின்னாளில் முதலீட்டுக்கு என்று ஒற்றை அறை ஃபிளாட் ஒன்றையும் காட்டுவார். வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்பார். குடியிருப்பவர் காலி செய்த மாதமும் தவணை உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். அந்தப் பேச்சை எடுத்தாலே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீடு வாங்கும்போதும் போனஸ் தவணை இல்லாமல், மாதத் தவணை மட்டும் உள்ள கடனாக வங்கியிடம் கேளுங்கள்.