கூடையின் எடை

ஐயா, வணக்கம்.

ஐந்து பொருட்களை எழுதிய பட்டியலோடு கடைக்குப் போகிறேன். பதினான்கு பொருட்களோடு திரும்புகிறேன். வீட்டில் பையைப் பிரிக்கும்போது, அவற்றில் பாதியை ஏன் எடுத்தேன் என்றே விளங்குவதில்லை. கைப்பேசியில் வாங்கும்போது நிலைமை இன்னும் மோசம். எனக்கு மன உறுதி போதவில்லையா? நீங்கள் எப்படி வாங்குகிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மன உறுதியை இதில் இழுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். பட்டியல் என்பது ஒரு காலத்தில் இன்னொருவர் கையில் கொடுப்பதற்காக எழுதப்பட்டது. கடைக்காரர் அதைப் படித்துப் பொருட்களை எடுத்துத் தருவார். நமக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு மேசை இருந்தது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1916-ஆம் ஆண்டு கிளாரன்ஸ் சாண்டர்ஸ் திறந்த பிக்லி விக்லி கடையில் அந்த மேசை இல்லை. கூடையோடு உள்ளே நுழைந்தவர் எல்லா அலமாரிகளையும் கடந்த பிறகே பணம் கட்டும் இடத்தை அடையும்படி அங்கே பாதை அமைக்கப்பட்டிருந்தது. பட்டியலை எழுதியவரே அதை மீறவும் வாய்ப்புப் பெற்றார்.

ஆயினும் கூடைக்கு எடை இருந்தது. ஓக்லஹோமா சிட்டியில் கடைகள் நடத்திய சில்வன் கோல்ட்மேன், கூடை கனத்தவுடன் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுவதைக் கவனித்து, 1937-இல் சக்கரம் வைத்த தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் பலர் அதைத் தொடவே தயங்கினார்கள். சம்பளத்துக்கு ஆட்களை அமர்த்தி, கடைக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரியச் செய்தார் என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பின்னர் வந்த கடன் அட்டை, பணத்தின் எடையையும் குறைத்துவிட்டது. ப்ரெலெக், சிமெஸ்டர் ஆகிய இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், அட்டையில் செலுத்தலாம் என்று அறிந்தவர்கள், ரொக்கமாகச் செலுத்த வேண்டியவர்களைவிட, அதே விளையாட்டுப் போட்டியின் நுழைவுச்சீட்டுகளுக்குக் கணிசமாக அதிக விலை தர முன்வந்தார்கள். கைப்பேசியிலோ கூடை வெறும் படம். ஐம்பது பொருட்களைப் போட்டாலும் விரல் வலிக்காது.

ஆகவே நான் எடையைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறேன். கடையில் தள்ளுவண்டியை எடுப்பதில்லை, கைக்கூடைதான். அதன் பிடி விரல்களில் அழுந்தத் தொடங்கும்போது, உள்ளே கிடப்பவற்றில் எதைத் திருப்பி வைக்கலாம் என்ற கேள்வி தானாகவே எழுகிறது. எடையில்லாத பொருட்களிடம் இந்த உபாயம் தோற்றுப்போகும் என்பதற்கு, என் மேசையில் எழுதப்படாமல் கிடக்கும் ஒன்பது குறிப்பேடுகள் சாட்சி. (எழுத்தாளனுக்குத் தேவை என்று ஒவ்வொரு முறையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.) கைப்பேசியில் தேர்ந்தெடுத்ததை அன்றே வாங்காமல் மறுநாள் வரை விட்டுவைக்கிறேன், அட்டை எண்ணை எங்கும் சேமித்து வைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் எழுந்துபோய் அட்டையைத் தேடி எடுத்து எண்களைத் தட்ட வேண்டியிருக்கும் அலுப்பே பல பொருட்களைத் தடுத்துவிட்டது.

ஓரிடத்தில் மட்டும் உங்களிடமிருந்து மாறுபடுகிறேன். பட்டியலில் இல்லாத ஒன்பதும் வீண் என்று நீங்கள் எண்ணுவதாகத் தெரிகிறது. பட்டியலை எழுதுவது நம் ஞாபகம்தான்; அது எதையாவது விட்டுவிடும். கடையில் மின்விளக்கைக் கண்டதும் வீட்டு மாடிப்படியில் ஒரு விளக்கு எரியாதது நினைவுக்கு வந்தால், அதைத் தயங்காமல் வாங்குங்கள். அந்தத் தேவை நீங்கள் கடைக்குள் நுழையும் முன்பே இருந்தது. அங்கே நுழைந்த பிறகு பிறந்த தேவைகள் எத்தனை என்று, அடுத்த முறை பையைப் பிரிக்கும்போது எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.