வாடகை மேலாளர் வேலைக்கு மாற எங்கே தொடங்குவது?

கேள்வி: பல ஆண்டுகளாக வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாடகைக் குடியிருப்புகளை நிர்வகிக்கும் வேலைக்கு மாற ஆசை. கட்டுமானமும் தெரியாது, சட்டமும் படித்ததில்லை. என்னை எடுப்பார்களா? சான்றிதழ் அவசியமா?

பதில்: எடுப்பார்கள். கோபமாகப் பேசுகிறவரிடம் நிதானம் இழக்காமல் பதில் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இந்தத் துறையில் எப்போதும் தட்டுப்பாடுதான். குழாய் மாட்ட பிளம்பர் இருக்கிறார், வழக்குக்கு வக்கீல் இருக்கிறார். உங்களிடம் இல்லாத திறமை வேறு ஒன்று: கணக்கு. முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

வாடகை மேலாளர் நாள் முழுதும் கையாளுவது அடுத்தவர் பணத்தை. வாடகை உரிமையாளருக்குச் சேர வேண்டியது. முன்பணம், கணக்கு முடியும் வரை வாடகைதாரருடையது. இவை இரண்டும் நிறுவனத்தின் சொந்தச் செலவுக் கணக்கோடு கலக்கவே கூடாது. தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், மாதந்தோறும் வங்கி இருப்போடு சரிபார்க்கப்பட வேண்டும். "ஒரு வாரத்தில் திருப்பிப் போட்டுவிடலாம்" என்று முன்பணத்தில் கைவைப்பதில்தான் இத்தொழிலில் பலருடைய பெயர் கெடுகிறது. இங்கிலாந்தில் இப்படிப் பிறர் பணத்தை வைத்திருக்கும் முகவர்கள், அந்தப் பணத்துக்கான பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று 2019 ஏப்ரலில் விதி வந்தது.

அடுத்தது ஆவணம். முன்பணச் சண்டைகளில் பெரும்பாலானவை வீட்டைக் காலி செய்யும் நாளில் வெடித்தாலும், அவற்றின் விதை குடியேறிய நாளிலேயே விழுந்துவிடுகிறது. அன்றைக்கு அறை அறையாகப் பார்த்து, தேதியோடு படம் எடுத்து, மீட்டர் அளவு, சாவிகளின் எண்ணிக்கை எல்லாம் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருந்தால் பிறகு பேச வேண்டியது மிகக் குறைவு. பல ஆண்டு புழக்கத்தில் சுவர்ச் சாயம் மங்குவது இயல்பான தேய்மானம். அதற்குப் பிடித்தம் செய்யக் கூடாது. கதவில் ஓட்டை விழுந்திருந்தால் அது சேதம். இந்த இரண்டுக்கும் நடுவில் வரும் நூறு விஷயங்களுக்கு முதல் நாள் படமே சாட்சி.

உரிமையாளருக்கு யோசனை சொல்வதும் உங்கள் வேலைதான். வாடகையை 5 சதவீதம் ஏற்றச் சொல்கிறார் என்று வையுங்கள். இருப்பவர் காலி செய்துவிட்டு, அடுத்தவர் வர ஒரு மாதம் ஆனால் என்ன ஆகும்? பழைய வாடகையில் 12 மாத வருமானம் வந்திருக்கும். இப்போது புதிய வாடகை 11 மாதத்துக்குத்தான் வரும். பழைய வாடகைக் கணக்கில் அது 11.55 மாத வருமானம். ஏற்றியும் நஷ்டம். சாயம் அடிக்கும் செலவும் விளம்பரச் செலவும் இதில் சேரவே இல்லை. நேர்காணலில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறவரை மேலாளர்கள் மறக்க மாட்டார்கள்.

வாடகைதாரரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரே விதி: எல்லோருக்கும் ஒரே அளவுகோல், அதுவும் எழுத்தில். வருமானச் சான்று, முந்தைய வாடகை வரலாறு என்று எதைக் கேட்டாலும் எல்லா விண்ணப்பதாரரிடமும் கேளுங்கள். "ஆளைப் பார்த்தால் தெரியும்" என்பது அறமும் இல்லை, அது பாகுபாடாக முடிந்தால் பல நாடுகளில் சட்டவிரோதமும்கூட. அமெரிக்காவில் இதற்கான நியாய வீட்டுவசதிச் சட்டம் 1968-லேயே வந்துவிட்டது.

சான்றிதழுக்கு வருவோம். முதலில் நீங்கள் வேலை செய்யப்போகும் இடத்தில் உரிமம் கட்டாயமா என்று பாருங்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு பிறர் சொத்தை நிர்வகிக்க ரியல் எஸ்டேட் உரிமம் வேண்டும். வேறு சில நாடுகளில் அப்படி எதுவும் இல்லை. 1933-இல் தொடங்கிய ஐ.ஆர்.ஈ.எம். என்ற அமெரிக்கச் சொத்து மேலாண்மை அமைப்பு தரும் சி.பி.எம். (சான்றளிக்கப்பட்ட சொத்து மேலாளர்) தகுதிக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதற்கு அனுபவமும் கேட்பார்கள், ஆகவே அது பிற்பாடு. இப்போதைக்கு உங்கள் ஊரின் வாடகைச் சட்டத்தை மூலத்திலேயே ஒருமுறை படியுங்கள். நோட்டீஸ் காலம், முன்பணம், வீட்டுக்குள் நுழையும் உரிமை: இந்த மூன்று பகுதிகளையாவது திரும்பத் திரும்பப் படியுங்கள். யார்டி, ஆப்ஃபோலியோ போன்ற சொத்து நிர்வாக மென்பொருள்களை வேலையில் சேர்ந்த பிறகு பழகிக்கொள்ளலாம். அதற்காகத் தனி வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.

நேரடியாக மேலாளர் பதவிக்கு விண்ணப்பிக்க வேண்டாம். வீடு காட்டும் பணி, உதவி மேலாளர், பராமரிப்புப் புகார்களை ஒருங்கிணைப்பவர் என்று மூன்று வாசல்கள் உண்டு. உங்களுக்கு மூன்றாவதைத்தான் சொல்வேன். எரிவாயுக் கசிவுக்கு உடனே, தண்ணீர் ஒழுகினால் அன்றே, அலமாரிக் கைப்பிடி கழன்றால் இந்த வாரத்துக்குள் என்று புகார்களை வரிசைப்படுத்தும் பழக்கம் அங்கேதான் வரும். எந்தப் பழுதுபார்ப்பவர் சொன்ன நேரத்துக்கு வருவார் என்பதும் அங்கேதான் தெரியும்.

வேலை கிடைக்கும்போது சம்பளத்தோடு இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: ஒரு மேலாளருக்கு எத்தனை வீடுகள்? இரவில் அவசர அழைப்பு வந்தால் யார் எடுப்பார்கள்? இரண்டாவது கேள்விக்கு "நீங்கள்தான்" என்று பதில் வந்தால், அதற்கு முறை மாற்றமோ தனிப்படியோ உண்டா என்பதை எழுத்தில் வாங்கிவிட்டு முடிவெடுங்கள்.