உவர் நிலத்தில் பயறும் உழுந்தும் ஏன் வளராமல் நிற்கின்றன?

முல்லைத்தீவு, மன்னார்க் கரையோர வயல்களில் நெல் வெட்டியபின் போடும் பயறு சில துண்டுகளில் மட்டும் கட்டையாக நின்றுவிடுவது ஏன்? முக்கியமான ஒரு காரணம் உவர். நீரில் கரையும் உப்புகள் வேரைச் சுற்றி அளவுக்கு மிஞ்சிச் சேர்வதே உவர். கடல்நீரேரித் தண்ணீர் ஏறினாலும், நிலத்தடி நீர் வெயிலில் ஆவியாகி உப்பை விட்டுச் சென்றாலும் இது வரும்.

தேசிக்காய்க்கு உப்புப் போட்டால் சாறு வெளியே வந்துவிடுகிறது அல்லவா? உவர் மண்ணிலும் நீரை உப்பு பிடித்து வைத்துக்கொள்ளும். நிலம் ஈரமாக இருந்தும் வேர் தவிக்கும். பிறகு சோடியமும் குளோரைடும் இலைக்கு ஏறி ஓரம் கருகும்.

அவரையினப் பயிருக்கு இதைவிடப் பெரிய அடி வேர்முடிச்சில் விழுகிறது. ரைசோபியம் பற்றீரியா வேர்மயிர் வழியாகப் புகுந்து முடிச்சு கட்டினால்தான் காற்றிலுள்ள நைதரசன் பயிருக்குக் கிடைக்கும். பற்றீரியா ஓரளவு உப்பைத் தாங்கும், வேர்மயிர் தாங்காது. அதனால் முடிச்சு குறைந்து இலை வெளிறும். பூக்கும் பருவத்தில் ஒரு செடியைக் கிளறி எடுத்து முடிச்சை வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது.

பயறைவிடக் கௌப்பி உப்பைக் கூடுதலாகத் தாங்கும். சந்தேகமான துண்டில் அதையே போடுங்கள், அதுவும் மழை உப்பைக் கழுவிய பிறகு.

இலை மஞ்சளித்தால் யூரியாவை அள்ளிப் போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள்; அளவு மிஞ்சினால் கரைந்த உரமும் உப்பைப்போலவே வேருக்கு நீர் கிடைப்பதைக் கடினமாக்கும்.