வெறுங்காலில் ஓடப் பழக எத்தனை மாதம் ஆகும்?

கேள்வி: வயது 41, வங்கிப் பணி. கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் இரண்டு ஆண்டுகளாக வாரம் மூன்று நாள் 5 கி.மீ. ஓடுகிறேன். ஆறு மாதமாக வலது முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. படி இறங்கும்போது கூடுகிறது. வெறுங்காலில் ஓடினால் சரியாகிவிடும் என்கிறார் உடன் ஓடும் நண்பர். பத்தாம் வகுப்பு வரை செருப்பில்லாமல் திரிந்தவன்தான் நான். ஷூவைக் கழற்றிவிட்டு அதே 5 கி.மீ. தொடரலாமா? அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. நான் இதுவரை பரிசோதித்துக்கொண்டதில்லை.

இயன்முறை மருத்துவரின் பதில்: வெறுங்காலில் ஓடலாம். ஆனால் அதே 5 கி.மீ. வேண்டவே வேண்டாம். முதல் நாள் 200 மீட்டர் போதும். இரண்டு ஆண்டு ஓடியவருக்கு இந்த அளவு அற்பமாகத் தோன்றும் என்று தெரியும். இருந்தும் பிடிவாதமாகவே சொல்கிறேன்.

உங்கள் மூச்சு 5 கி.மீ.க்குத் தயாராக இருக்கிறது. உள்ளங்கால் தோலும் சில வாரங்களில் தடித்துவிடும். கால்விரல்களுக்குப் பின்னால் இருக்கும் நீண்ட எலும்புகளும் குதிகால் நாணும் (கெண்டைக்கால் சதையைக் குதிகாலோடு இணைக்கும் தடித்த நார்)தான் பின்தங்கி வருபவை. புதிய பளு விழும்போது எலும்பு உடனே வலுவாவதில்லை. சுவரைப் புதுப்பிக்கிறவர் முதலில் பழைய பூச்சைப் பெயர்ப்பதைப் போல, உடல் முதலில் பழைய எலும்பைச் சிறிது அரித்தெடுக்கிறது. பிறகுதான் புதியதை வைக்கிறது. இந்தச் சுற்று முடிய மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். இடைப்பட்ட வாரங்களில் எலும்பு முன்பைவிடச் சற்று நலிந்தே இருக்கும். “முதல் மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை, அதனால் தூரத்தைக் கூட்டினேன்” என்று சொல்லி நொண்டிக்கொண்டு வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். பள்ளி நாட்களில் உங்கள் எலும்பு பெற்ற வலுவை இத்தனை ஆண்டு ஷூவுக்குப் பிறகு நம்ப முடியாது.

அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே முக்கியம். வெறுங்காலுக்கு நிகரான, மெல்லிய அடித்தளம் கொண்ட ஷூவுக்கு 10 வாரங்களில் படிப்படியாக மாறிய 19 பேரில் 10 பேருக்கு, பாத எலும்புகளுக்குள் நீர்க்கோப்பு, அதாவது எலும்பு பளுவால் நோவதன் அறிகுறி, கூடியிருந்ததை எம்.ஆர்.ஐ. காட்டியது. அவசரப்படாமல் மாறியவர்களின் நிலையே இது.

நண்பர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு 2010இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியபடி, வெறுங்காலில் ஓடியே வளர்ந்த கென்யர்களில் பெரும்பாலோர் முன்பாதத்தால்தான் தரையைத் தொடுகிறார்கள். குதிகாலால் மோதும்போது எழும் அந்தக் கூர்மையான அதிர்வு அவர்களுக்கு ஏறத்தாழ இல்லை. எடுத்துவைக்கும் எட்டு (காலடி) சிறிதாவதால் முழங்காலின் பளுவும் குறைகிறது. ஆனால் அது மாயமாய் மறைவதில்லை. கெண்டைக்கால் சதையும் குதிகால் நாணும் அதைத் தூக்கிக்கொள்கின்றன. மெதுவாக 5 கி.மீ. ஓட ஏறத்தாழ 5,000 எட்டு வேண்டும். அதாவது ஒவ்வொரு காலுக்கும் 2,500 முறை. பழகாத சதைக்கு இது மிகப் பெரிய எண்ணிக்கை.

ஆகவே, முழங்கால் வலிதான் காரணம் என்றால் ஷூவைக் கழற்றும் முன் இதைச் செய்து பாருங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை எட்டு வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 160 என்றால், வேகத்தைக் கூட்டாமல் 170க்குக் கொண்டுவாருங்கள். எட்டு தானாகவே குறுகும், பாதம் உடலுக்கு நேர்கீழே விழும். முழங்கால் வலி உள்ள பலருக்கு இதுவே பாதி மருந்து.

வெறுங்கால் பயிற்சியை நடையிலிருந்து தொடங்குங்கள். இரண்டு வாரம் தினமும் 20 நிமிடம் வெறுங்காலில் நடை. படிக்கட்டு விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை 20 முறை சிரமமின்றித் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாதவர் ஓட இன்னும் காலம் வரவில்லை. பிறகு வழக்கமான ஓட்டத்துக்கு முன், கால் களைக்காத நேரத்தில், 200 மீட்டர் வெறுங்காலில் ஓடிவிட்டு ஷூ மாட்டிக்கொள்ளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும். முதல் மாதத்தில் ஒரு கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். அதன்பின் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டலாம். இப்படிப் போனால் 5 கி.மீ.யைத் தொட, நடைப் பயிற்சியையும் சேர்த்து, ஐந்து, ஆறு மாதம் ஆகும். முன்பாதம் தொட்டதும் குதிகாலும் மெல்லத் தரையில் இறங்கட்டும். பலர் குதிகாலைத் தூக்கியே வைத்து ஓடி நாணைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

தரை? ரேஸ்கோர்ஸின் வழவழப்பான நடைபாதை நல்லது. கடினமான தரையில் தவறாகக் கால் வைத்தால் உடனே தெரிந்துவிடும். மணலும் புல்லும் தவறை மறைக்கும், புல் நெருஞ்சியையும் மறைக்கும். வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள். மழைநீர் தேங்கிய இடத்திலும், மலம் கலந்த ஈர மண்ணிலும் ஓடாதீர்கள்: வெடிப்பின் வழியே எலிக்காய்ச்சல் கிருமியும், வெடிப்பே இல்லாத தோலின் வழியே கொக்கிப்புழுவும் உள்ளே போகும். டெட்டனஸ் ஊசியைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கெண்டைக்கால் இரண்டு நாள் இறுகி வலித்தால் இயல்பு. ஆனால் பாதத்தின் மேற்புறம் ஒரே புள்ளியில் விரல் வைத்து அழுத்தினால் சுளீரென வலிக்கிறதென்றால் அன்றே நிறுத்துங்கள். அது எலும்பில் விழும் நுண்விரிசலாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்-ரேயில் தெரியாமலும் போகும். எக்ஸ்-ரே சரியாக இருக்கிறது என்று மீண்டும் ஓடப் போய்விடாதீர்கள்.

1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா வெறுங்காலில் வென்றதைப் பலர் என்னிடம் எடுத்துக்காட்டுவார்கள். அவர் அப்படியே பயிற்சி செய்து பழகியவர். 1964இல் டோக்கியோவில் ஷூ அணிந்து ஓடி, மூன்று நிமிடத்துக்கும் அதிகமாக நேரத்தைக் குறைத்தார். உங்கள் ஷூவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, அப்பாவின் சர்க்கரை நோய் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. இந்த வாரமே வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்.பி.ஏ.1சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) அளவும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை இருப்பது தெரியவந்தால், மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பார்கள். வலிக்காத எளிய சோதனை. உணர்ச்சி குறைந்த காலில் கண்ணாடிச் சில்லு ஏறினால் வீடு திரும்பிக் கழுவும்போதுதான் இரத்தம் தெரியும். முடிவுகள் கைக்கு வரும்வரை ஷூவோடுதான் ஓட வேண்டும்.